பாம்புப் பெட்டிக்கு எந்த விளக்கு பாதுகாப்பானது?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் இன்று நகர்ப்புற வீடுகளில், மீன் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் பாம்புப் பெட்டி வைத்திருப்போரும் உண்டு. அவர்களில் பலர் முதலில் தேர்ந்தெடுப்பது ‘கோர்ன் ஸ்னேக்’ எனப்படும் சோளப் பாம்பைத்தான். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட இப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. சாதுவான குணமுடையது. நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது.

இதை வளர்க்கத் தொடங்குவோர் வெளிநாட்டு வழிகாட்டி நூல்களையும் காணொளிகளையும் பார்த்துப் பெட்டிக்குள் 75 வாட், 100 வாட் குண்டு பல்புகளைப் பொருத்திவிடுகின்றனர். குளிர் நாட்டில் பாம்பைக் காப்பாற்றும் அதே பல்பு, பினாங்கில் அதன் உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு

பாம்பு குளிர் இரத்தப் பிராணி. மனிதனைப் போல் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. சுற்றுப்புறத்தில் கிடைக்கும் வெப்பத்தைக் கொண்டே உண்ட இரையைச் செரிக்கிறது. எனவே பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 23 முதல் 25 டிகிரி வரையிலும் இருப்பது நல்லது. சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், குளிர்ச்சி வேண்டும்போது மறுபக்கமும் பாம்பு நகர்ந்துகொள்ளும்.

ஜோர்ஜ்டவுனில் பகலில் வெப்பம் 31, 32 டிகிரி வரை எட்டுவது வழக்கம். இரவில் 24, 25 டிகிரிக்கு இறங்குகிறது. அதாவது, குளிர் நாட்டினர் பல்பு போட்டு உண்டாக்கும் சூடு இங்கே இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் 100 வாட் பல்பை எரியவிட்டால், உள்ளே வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடலாம். ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலை இல்லாத பாம்பு அந்தச் சூட்டிலிருந்து தப்ப முடியாது. சன்னலோரம் நேர் வெயில் படும்படி பெட்டியை வைப்பதும் இதே அளவு ஆபத்தானது.

இரவு பகலாகக் குளிர்சாதனம் இயங்கும் அறையில் மட்டும் நிலைமை மாறும். அங்கே சூடு தேவைப்பட்டால், வெளிச்சம் தராமல் வெப்பம் மட்டும் தரும் செராமிக் சூடேற்றியையோ, பெட்டியின் அடியில் ஒட்டும் வெப்பத் தகட்டையோ பயன்படுத்தலாம். எதுவானாலும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியுடன் இணைப்பது கட்டாயம். கையால் தொட்டுப் பார்த்து வெப்பத்தைக் கணிக்கக் கூடாது. பெட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானி இருக்க வேண்டும்.

இருட்டும் ஒரு தேவை

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குச் சென்றவர்கள், பச்சை நிற விரியன்கள் பகல் முழுவதும் கிளைகளில் அசையாமல் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். ஊதுவத்திப் புகையில் அவை மயங்கிக் கிடக்கின்றன என்பது நீண்ட கால நம்பிக்கை. ஆனால் இவ்வகை விரியன் இயல்பாகவே இரவில் இரை தேடுவது. பகலில் அசையாமல் ஓய்ந்திருப்பது அதன் சுபாவம்.

சோளப் பாம்பு வேறு இனம்தான் என்றாலும், அதுவும் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் நடமாடுவதே. மேலும், பாம்புக்குக் கண்ணிமை கிடையாது. கண் கூசும் வெளிச்சத்தை அது கண்ணை மூடித் தவிர்க்க முடியாது. ஆகவே, விளக்கு எரியும் பெட்டியில் பாம்பு முழுமையாக நுழைந்து ஒளிந்துகொள்ளும் மறைவிடங்கள் இரண்டாவது இருக்க வேண்டும்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம். பெட்டி விளக்கும் அதே கணக்கில் எரிந்து அணைய வேண்டும். குறைந்த வாட் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை டைமரில் இணைத்து, காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை எரியவிட்டால் போதுமானது. இரவில் சிவப்பு, நீல பல்புகள் வேண்டியதில்லை. சிவப்பு ஒளி பாம்பின் கண்ணுக்குத் தெரியாது என்ற பழைய கருத்து இப்போது ஏற்கப்படுவதில்லை.

புற ஊதாக் கதிர் அவசியமா?

இரவில் நடமாடும் பாம்புக்குப் புற ஊதாக் கதிர் தேவையே இல்லை என்றுதான் நெடுங்காலம் கூறப்பட்டது. 2008ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு இக்கருத்தை மறுபரிசீலனை செய்ய வைத்தது. புற ஊதா-பி விளக்கின் கீழ் வைக்கப்பட்ட சோளப் பாம்புகளின் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு உயர்ந்திருந்தது. ஆயினும், முழு எலியை இரையாகக் கொள்ளும் சோளப் பாம்புகள் இவ்விளக்கு இல்லாமலும் பல தலைமுறைகளாக வளர்ந்து வந்துள்ளன. எனவே இது கட்டாயமன்று. கொடுத்தால் நன்மை உண்டு என்று கொள்ளலாம்.

கொடுப்பதானால், நிழல் வாழ் ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் குறைந்த வீரியமுள்ள குழல் விளக்கையே வாங்க வேண்டும். பாலைவனப் பல்லிகளுக்கான விளக்கு இதற்கு ஆகாது. தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தைக் கடைப்பிடிப்பது அவசியம். கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடி மூடிக்கு மேல் விளக்கை வைப்பது வீண் செலவு. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் செல்லச் செல்லக் கதிர் குறைந்துவிடும். உரிய காலத்தில் மாற்ற வேண்டும். வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும் ‘அல்பினோ’ வகைகளுக்குக் கருநிறமி இல்லாததால், கூடுதல் கவனம் தேவை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கிருமி நீக்கத்திற்கென விற்கப்படும் புற ஊதா-சி விளக்கு பாம்பின் கண்ணையும் தோலையும் கெடுக்கும். மனிதருக்கும் தீங்கு செய்யும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

தீப்புண்ணும் தீ விபத்தும்

சூடான பல்பைப் பாம்பு சுற்றிக்கொள்வதும், உடல் வெந்த பின்னும் விலகாமல் கிடப்பதும் பாம்பு வளர்ப்போர் அறிந்த துயரம். எனவே சூடாகும் எந்த விளக்கும் பெட்டிக்கு வெளியே, அல்லது பாம்பு நுழைய முடியாத கம்பிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். சூடேறும் ‘மின்கல்’ வாங்கவே வேண்டாம். அதன்மேல் கிடந்து வயிற்றுப் புறம் வெந்துபோன பாம்புகள் பல.

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படும் 110 வோல்ட் விளக்குகள் இங்கே வெடித்துவிடலாம். சிரிம் முத்திரையுள்ள சாதனங்களையே வாங்க வேண்டும். ஒரே இணைப்புப் பலகையில் விளக்கு, சூடேற்றி, மீன் தொட்டி மோட்டார் என எல்லாவற்றையும் செருகுவது தீயை விலை கொடுத்து வாங்குவதாகும். தண்ணீர்க் கிண்ணத்திற்கு மேலே விளக்கைத் தொங்கவிடக் கூடாது.

மின்கம்பி செல்லும் துவாரமும் கவனிக்கத்தக்கது. விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், இளம் சோளப் பாம்பு வெளியேறிவிடும். அண்டை வீட்டாரின் அச்சம் ஒருபுறமிருக்க, அந்நிய இனம் நம் மண்ணில் பரவும் அபாயமும் அதில் உள்ளது.

பாம்பை வாங்கும் முன், அதை வைத்திருக்க என்ன அனுமதி தேவை என்பதை வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தானிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன் பின் பெட்டியைத் தயார் செய்து, விளக்கைப் பொருத்தி, பாம்பு இல்லாமலே ஒரு வாரம் எரியவிட்டு, நண்பகலிலும் நள்ளிரவிலும் வெப்பத்தைக் குறித்து வர வேண்டும். அந்த எண்கள் சரியாக இருந்தால் மட்டுமே பாம்பை வீட்டுக்குக் கொண்டு வரலாம்.