கேபிள் இருந்தும் இணைப்பு இல்லையா? இரு லினக்ஸ் கணினிகளைப் பேச வைக்கும் வழி

மறைந்த தந்தையின் பழைய கணினி ஒன்றை ஒரு குடும்பத்தார் நம்மிடம் கொண்டு வந்தனர். அவர் யாருக்கு எவ்வளவு கடன் பட்டிருந்தார் என்ற கணக்கு அதில்தான் இருந்தது. வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதற்கு முன் கடனை அடைத்தாக வேண்டுமல்லவா? லினக்ஸ் சரியாகவே இயங்கியது. ஆனால் நெட்வொர்க் கார்டும் யுஎஸ்பியும் பழுது. ஹார்ட் டிஸ்கைக் கழற்ற வீட்டார் அஞ்சினர். எஞ்சியது பின்புறமுள்ள 9 முனை சீரியல் போர்ட் மட்டுமே.

டயல்-அப் காலத்தில் இன்டர்நெட்டுக்குப் பயன்பட்ட பிபிபி முறை, மோடமும் தொலைபேசியும் இல்லாமல் ஒரு கேபிள் வழியாகவும் வேலை செய்யும். நம் லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றைப் பொருத்தி இரண்டையும் இணைத்தோம். இணைப்பு கிடைக்கவில்லை. இத்தகைய கோளாறைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு படியாகத் தேட வேண்டும்.

முதல் படி, கேபிள். ஒரு கணினி அனுப்பும் கம்பி மற்றதன் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும். எனவே சாதாரண சீரியல் கேபிள் உதவாது; 'நல் மோடம்' கேபிள் வேண்டும். இரு பக்கமும் மினிகாம் நிரலைத் திறந்து, வேகத்தை 115200 என வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து மறுபக்கம் தெரிந்தால் கேபிள் சரி. கிறுக்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் கேபிளையோ போர்ட்டையோ பாருங்கள். சோதித்தபின் மினிகாமை மூடிவிடுங்கள்.

இரண்டாவது, பிபிபிடி நிரல். இதை இரு கணினிகளிலும் ரூட் பயனராக, 'டிபக்', 'நோடிடாச்' விருப்பங்களுடன் இயக்கினால் நடப்பதெல்லாம் திரையில் தெரியும். மோடம் இல்லாததால் 'லோக்கல்' விருப்பமும் தேவை. 'எல்சிபி டைம்அவுட்' என்று வந்தால், நாம் கேட்டதற்கு மறுபக்கம் பதில் தரவில்லை என்று பொருள். 'லூப்டு பேக்' என்று வந்தால் நம் சொல்லே நமக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் மறுபக்கம் பிபிபிடிக்குப் பதிலாக லாகின் நிரல் போர்ட்டைப் பிடித்திருக்கும். அதை நிறுத்துங்கள்.

மூன்றாவது, கடவுச்சொல். ஒரு கணினி ஏற்கெனவே இன்டர்நெட்டில் இருந்தால், பிபிபிடி மறுபக்கத்திடம் அடையாளச் சான்று கேட்கும். நம் இரு கணினிகளுக்கு மட்டுமான இணைப்பு என்பதால் 'நோஆத்' போதும்.

நான்காவது, முகவரி. 192.168.10.1, 192.168.10.2 எனக் கொடுக்கலாம். வீட்டு வைஃபையின் முகவரி வரிசையோடு மோதக்கூடாது. இணைப்பு ஏற்பட்டும் 'பிங்' பதில் வராவிட்டால் ஃபயர்வாலைக் கவனியுங்கள்.

நமக்குத் தடையாக இருந்தது எது தெரியுமா? நம்முடையது 3 கம்பி கேபிள். தரவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகள் அதில் இல்லை. பிபிபிடியோ அவற்றின் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. இரு பக்கமும் 'நோசிஆர்டிஎஸ்சிடிஎஸ்' என்று கொடுத்ததும் இணைந்துவிட்டது.

இந்த வேகத்தில் 100 எம்பி கோப்பு வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். கணக்குக் கோப்புகள் சிறியவை. சில நிமிடங்களில் வந்து சேர்ந்தன. கடன் கொடுத்தவர்களின் பெயர்களும் தொகைகளும் அதில் இருந்தன.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றைச் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.