ஷாக் அப்ஸார்பர் சாய்ந்தால் பலம் குறையும்

பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்கு ஷாக் அப்ஸார்பர் வாங்குவோர் விலையை விசாரிப்பார்கள், கம்பெனியை விசாரிப்பார்கள். அதை எந்தச் சாய்வில் மாட்ட வேண்டும் என்று கேட்பவர் குறைவு. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பள்ளத்தில் விழும் வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அதை மட்டும் நம்பினால் வண்டி ஊஞ்சலாடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெய். சிறு துளைகள் வழியே அது நெருக்கித் தள்ளப்படும்போது உண்டாகும் தடையே ஆட்டத்தை நிறுத்துகிறது.

சக்கர அச்சின் அருகே செங்குத்தாக மாட்டியிருந்தால், சக்கரம் 10 சென்டிமீட்டர் எழும்போது ஷாக் அப்ஸார்பரும் 10 சென்டிமீட்டர் அமுங்கும். 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 8.7, 45 டிகிரியில் 7, 60 டிகிரியில் 5தான். நஷ்டம் இதோடு நிற்பதில்லை. அது கொடுக்கும் தடையும் சாய்வாகவே வேலை செய்வதால், அதிலும் ஒரு பங்கு வீணாகிறது. ஆக, 30 டிகிரியில் முக்கால் பலம், 45-ல் பாதி, 60-ல் கால் பங்கே மிஞ்சும். மேலே சுற்றியுள்ள ஸ்பிரிங்குக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் கம்பெனிகளே சாய்த்து மாட்டுவது ஏன்? கரடுமுரடான பாதையில் சக்கரம் அதிக உயரம் ஏறி இறங்க அது வழி செய்கிறது, இடமும் மிச்சம். 1970-களில் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் இம்முறை பரவியது. ஆனால் சாய்வினால் குறையும் பலத்தை, கடினமான ஸ்பிரிங்கும் கூடுதல் தடையும் வைத்து ஈடுகட்டிவிடுகிறார்கள்.

பட்டறையில் அழகுக்காகப் புதிய பிராக்கெட் வெல்டிங் செய்து, பழைய ஷாக் அப்ஸார்பரையே சாய்த்து மாட்டும்போது அந்த ஈடு கிடைப்பதில்லை. தனியாக ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. மனைவி, குழந்தை, அரிசி மூட்டையுடன் போகும்போதுதான் பின்பக்கம் அமிழ்ந்து, அடிரப்பரில் மோதும். குண்டும் குழியுமான ரோட்டில் டயர் தரையை விட்டுத் துள்ளும். தரையில் படாத டயருக்கு பிரேக் இருந்தும் பயனில்லை.

சோதிப்பது எளிது. சீட்டின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழுந்து உடனே அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்ஸார்பரைக் கவனிக்க வேண்டும். மாற்றுவதானால், வண்டிக்குரிய அளவில் வாங்கி, கம்பெனி வைத்த இடத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். அல்சூர், சிவாஜிநகர்ப் பட்டறைகளில் இதைத் தமிழிலேயே சொல்லலாம்.