ஃபிஃப்த் பேசேஜ்
பார்க்வே பரேட், சிங்கப்பூர்
1991 – 1994

இந்தக் கடைத்தொகுதியின் ஐந்தாம் தளத்து நடைவழிதான் ஒரு காலத்தில் கலைக்கூடமாக இருந்தது. சூசன் விக்டர், சூசி லிங்கம் உள்ளிட்ட இளம் கலைஞர்கள் 1991இல் இதைத் தொடங்கித் தாங்களே நடத்தினார்கள். கலைக்கூடத்தைத் தேடிப் போகாதவர்களின் வழியிலேயே கலையை வைப்பது அவர்கள் எண்ணம். கடைக்கு வந்தவர்கள் பையும் கையுமாக நின்று பார்த்தார்கள்.

1992இல் சூசன் விக்டர் இங்கே கத்திரிக்காய்களைச் சுவரில் வரிசையாகப் பொருத்தினார். சமையலறைக்குப் போக வேண்டிய காய், ஆணாதிக்கத்தைப் பற்றிய கேள்வியாகச் சுவரில் நீட்டிக்கொண்டு நின்றது, நாள்பட வாடியது. ‘ஸ்டில் லைஃப்’ என்ற அப்படைப்பு சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் தனி இடம் பெற்றது.

1993 டிசம்பர் இறுதியில் ‘தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ குழுவுடன் சேர்ந்து ஒருவாரக் கலைவிழா நடந்தது. ஓரினச் சேர்க்கையாளரைக் குறிவைத்த காவல்துறை நடவடிக்கையில் 12 ஆண்கள் கைதாகித் தண்டிக்கப்பட்டதை எதிர்த்து, ஜோசஃப் இங் புத்தாண்டு விடியலில் ஒரு நிகழ்த்துகலைப் படைப்பை அளித்தார். ஆபாசச் செயல் என்று வழக்குப் பதிவானது. அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. கலைக்கூடம் இவ்விடத்தை இழந்தது. ஒரே ஒரு நிகழ்வுக்கு இது மிகக் கடுமையான விலை.

இந்நிகழ்வை அடுத்து, எழுத்துப் பிரதி இல்லாத நிகழ்த்துகலைக்குத் தேசியக் கலைகள் மன்றம் நிறுத்திய நிதியுதவி 2003இல்தான் திரும்பியது. அதற்குள், 2001இல், வெனிஸ் பினாலேயில் சிங்கப்பூர் முதன்முறையாகத் தன் அரங்கை அமைத்தபோது, அங்கே படைப்பை வைத்தவர்களில் சூசன் விக்டரும் ஒருவர்.