போல்ட்டைக் கழற்றினால் கார் தனித்தனி!
சென்னையில் பிறந்த 'ஹெரால்டு'க்குப் புதுத் தகடு பூட்டுவது எப்படி?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் போனக்காட்டுக்கு ஏறும் மலைப் பாதையை நம்மவர்கள் பலர் அறிவார்கள். அகத்தியர் மலைக்கு நடப்பவர்கள் புறப்படும் இடம் அது. தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடமும்கூட. மழையும் மூடுபனியும் ஓயாத இத்தகைய ஊர்களில் பழைய காருக்கு முதல் எதிரி துருதான். என்ஜின் நன்றாக ஓடும். கதவுக்குக் கீழே தகடு அப்பளமாய் நொறுங்கும்.

அப்படிப்பட்ட காரைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்களிடம் இருப்பது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்றால் வேலை பாதி சுலபம்!

காரணம் என்ன?

இங்கிலாந்தில் 1959-ல் வந்த 'ட்ரையம்ப் ஹெரால்டு' காரைத்தான் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் தயாரித்தது. ட்ரையம்புக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழு பாடி கிடைக்க வழியில்லை. ஆகவே தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். மேற்கூரை, கதவடித் தகடு எல்லாமே ஸ்பானருக்குக் கழன்று வரும். பானட்டோ இரு மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். நெருக்கடி காலத்து யோசனை இன்று டிங்கருக்கு வரமாகிவிட்டது.

எது முதலில்?

பலர் செய்யும் தவறு, பளபளக்கும் பம்பரை முதலில் வாங்கி மாட்டுவது. வரிசை நேர் எதிரானது. முதலில் சேஸிஸையும், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கு சட்டங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். அவை துருவில் போயிருந்தால் புதுத் தகடு நிற்காது.

அடுத்து பாடியை உட்கார வைத்து, கதவுகளை மாட்டிப் பார்க்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள சந்து மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ வைக்க வேண்டும். பிறகு கதவடித் தகடு, அதன் பின் பானட். பம்பர் கடைசியில்தான்.

எல்லாம் நேராகும்வரை எந்த போல்ட்டையும் முழுதாக முடுக்கக் கூடாது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை முழுக்கப் பூட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் துருத் தடுப்புப் பூச்சு அவசியம். சந்து சரியில்லாததைப் பட்டி பூசி மறைத்தால் இரண்டே மழைக்காலத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பம்பர் வளையாமல் துருப்பிடித்து மட்டும் இருந்தால் மீண்டும் முலாம் பூசலாம். செம்பு, நிக்கல், மேலே குரோமியம் என்பது நல்ல முறை. நேரே குரோமியம் பூசித் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள்.

பிரிட்டிஷ் சாமான் பொருந்துமா?

இங்கிலாந்தில் ஹெரால்டு சலூன் இரண்டு கதவு கார். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. ஆகவே பின்கதவுக்கு வெளிநாட்டுச் சாமான் தேடுவது வீண். கழித்துப் போட்ட இன்னொரு காரிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையேல் கை தேர்ந்த டிங்கர் தகட்டை அடித்து வளைத்துத் தர வேண்டும். அந்தக் கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

சட்டத்தையும் பாருங்கள்

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. ரூ.20,000 கட்டினால் 10 ஆண்டுக்கு 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினை மாற்றி அமைத்திருக்கக் கூடாது. கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு பெற்ற காரை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தவும் முடியாது. பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு மாட்டுவதும் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழைய தகட்டை எடைக்குப் போடாதீர்கள். புதுத் தகட்டை வெட்ட அளவு சொல்லப்போவது அந்தத் துருப்பிடித்த தகடுதான்.