திருக்குர்ஆனைப் படிப்பது எப்படி?

வடக்கே பல ஊர்களில் பள்ளிவாசல் பிரசங்கம் உருதுவில்தான். நம்மவர்களுக்குத் தமிழாக்கமே துணை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் அன்பர்கள் பலர், 286 வசனங்கள் கொண்ட இரண்டாவது அத்தியாயத்திலேயே களைத்துப் போகிறார்கள். கதைப் புத்தகம்போல அது கால வரிசையில் அமைந்ததல்ல. சுமார் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பெற்றது. முதலில் இறங்கிய வசனங்கள் இருப்பது 96-வது அத்தியாயத்தில்!

இது தெரியாமல் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டால் விபரீதம்தான். மதுவையே எடுத்துக்கொள்வோம். போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்கிறது 4-வது அத்தியாயத்தின் 43-வது வசனம். "அப்படியானால் மற்ற நேரத்தில் குடிக்கலாமோ?" என்று கேட்கும் குறும்பர்கள் உண்டு. அதில் பயனைவிடப் பாவமே பெரிது என்று 2-வது அத்தியாயத்தின் 219-வது வசனம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. 5-வது அத்தியாயத்தின் 90-வது வசனமோ அறவே விலக்கச் சொல்கிறது. குடியில் ஊறிய சமுதாயம் படிப்படியாக மீட்கப்பட்டது, மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

அத்தியாயம் மக்காவில் இறங்கியதா, மதீனாவில் இறங்கியதா என்று தலைப்பில் போட்டிருப்பார்கள், கவனியுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் விளக்கத்துக்காகச் சேர்த்த சொற்கள். அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கத்தோடு இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை முடிந்து அலுப்போடு வரும் நாளில் பத்து வசனம் போதும்.