இல்ல, வேண்டாம், மாட்டேன்

இரண்டு வயசுக் குழந்தை உள்ள வீட்டில் ஒரு நாளில் எத்தனை மறுப்பு கேட்கும் என்று எண்ணி மாளாது. சோறு வேண்டாம், சட்டை வேண்டாம், குளிக்க மாட்டேன், தூங்க மாட்டேன். பெரியவர்கள் நாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர் வைத்திருக்கிறோம்: அடம். எனக்கு அந்தப் பேர் சரியாகப் படவில்லை. தமிழ் பேசும் குழந்தை வேறு வேறு விஷயங்களை வேறு வேறு சொல்லில்தான் மறுக்கிறது. எந்தச் சொல் என்று கவனித்தால், அடுத்து நாம் என்ன செய்யலாம் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

குழந்தைகளின் மறுப்பை முறையாகப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் லோயிஸ் ப்ளூம். ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 1970-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் மூன்று வகை சொன்னார். ஒன்று, பொருள் அங்கே இல்லை என்பது. இரண்டு, எனக்கு வேண்டாம் என்பது. மூன்று, நீ சொல்வது சரியில்லை என்பது. அவர் பார்த்த குழந்தைகளிடம் இந்த வரிசையிலேயே இவை வந்தன. சிக்கல் என்னவென்றால், ஆங்கிலக் குழந்தை ஆரம்பத்தில் மூன்றுக்குமே 'நோ' என்றுதான் சொல்லும். எந்த 'நோ' என்று சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

தமிழில் கதையே வேறு. பால் தீர்ந்துபோனால் 'இல்ல'. பாலைத் தள்ளிவிட்டால் 'வேண்டாம்'. குடிக்கச் சொன்னதை மறுத்தால் 'மாட்டேன்'. தமிழ்க் குழந்தைகளிடம் எதிர்மறைச் சொற்கள் எப்படி வளர்கின்றன என்று ஆர். வைத்தியநாதன் எழுதிய ஆய்வுக் கட்டுரையே 1991-ல் வந்திருக்கிறது. கட்டுரையைத் தேடிப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே கேட்கலாம்.

'இல்ல' பெரும்பாலும் ஒரு தகவல். எங்கள் பாப்பா காலி டம்ளரைக் காட்டி "பாலு இல்ல" என்றால் அது பிடிவாதம் கிடையாது. பூனை போன மதிலைப் பார்த்து "மியாவ் இல்ல" என்பதும் அப்படித்தான். "ஆமா சாமி, போயிருச்சு" என்று பதில் சொன்னால் போதும். கண் முன்னால் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச முடிகிறதே, அது அந்த வயசுக்குப் பெரிய காரியம்.

'வேண்டாம்' ஒரு பொருளைப் பற்றியது. அதனால் பொருளை மாற்றினால் பல நேரம் பிரச்சினை தீரும். "தயிர்ச் சோறா, பருப்புச் சோறா?" என்று இரண்டே இரண்டைக் காட்டிக் கேட்பது எங்கள் வீட்டில் வேலை செய்கிறது. நாலைந்தைக் காட்டினால் எல்லாமே வேண்டாம் ஆகிவிடும்.

'மாட்டேன்' தனி ரகம். 'இல்ல', 'வேண்டாம்' இரண்டும் யார் சொன்னாலும் மாறாது. இது மட்டும் மாட்டேன், மாட்டான், மாட்டோம் என்று ஆளுக்கு ஏற்ப மாறும். கடைசியில் உள்ள 'ஏன்' விகுதிக்குள் 'நான்' உட்கார்ந்திருக்கிறது. குழந்தை இங்கே பொருளை மறுக்கவில்லை, 'என்னை நீ செய்ய வைக்காதே' என்கிறது. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-லேயே இந்த வயசின் மையப் போராட்டம் தன்னாட்சிதான் என்று எழுதினார். ஆகவே சோப்பை மாற்றினாலும் வாளியை மாற்றினாலும் குளியல் நடக்காது. சொம்பைக் கையில் கொடுத்து "நீயே ஊத்திக்கிறியா?" என்றால் நடக்க வாய்ப்பு உண்டு.

எல்லாம் செய்தும் சில நாள் தரையில் விழுந்து புரளத்தான் செய்வார்கள். மில், பனியன் கம்பெனி என்று வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்புகிற அப்பா அம்மாவுக்குக் குழந்தையோடு கிடைப்பதே ஒரு மணி நேரம். அதுவும் அழுகையில் போனால் மனசு விட்டுப்போகும். பொட்டேகல், டேவிட்சன் என்ற இருவர் 18 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள 335 குழந்தைகளின் ஆர்ப்பாட்டங்களை, பெற்றோர் எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். அதில் முக்கால்வாசி ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்திருந்தன. நமக்கு அரை மணி நேரம் மாதிரி இருப்பது கடிகாரத்தில் அவ்வளவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, காத்திருக்கலாம்.

இதற்காக எல்லா மறுப்புக்கும் வளைந்து கொடுக்கச் சொல்லவில்லை. பழனி ரோட்டில் லாரி வரும்போது கையைப் பிடிக்க மாட்டேன் என்றால் அங்கே பேச்சுவார்த்தை கிடையாது, தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடுப்பும் அப்படியே. நம்முடைய 'கூடாது'வை இந்த மாதிரி இடங்களுக்கு மிச்சம் வைத்தால்தான் அதற்கு மதிப்பு இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது: கொங்குத் தமிழின் 'ங்க'. பாப்பா வேண்டாம் என்று கத்தினால் அம்மிச்சி திட்டுவதில்லை. "வேண்டாமுங்கன்னு சொல்லு கண்ணு" என்கிறார். அவளும் "வேண்டாங்க" என்கிறாள். தட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. மறுப்பது தப்பில்லை, மறுக்கும் விதம் ஒன்று உண்டு என்பதை இரண்டே எழுத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பெண் குழந்தைக்கு இது பின்னாலும் உதவும் என்று நினைக்கிறேன்.

ப்ளூம் சொன்ன மூன்றாவது வகை, 'நீ சொல்வது சரியில்லை', கடைசியில்தான் வரும். உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் நிறைய. பாப்பாவுக்கு அவை எல்லாமே காத்தாடி. காற்று ஓய்ந்த ஒரு சாயங்காலம் வேணும்னே "காத்தாடி எப்படிச் சுத்துது பாரு" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "சுத்தல" என்றாள். அம்மா சொன்னதை விடத் தன் கண்ணை நம்பிச் சொன்ன முதல் மறுப்பு அது. தினமும் கேட்கும் நூறு மாட்டேன்களும் இந்த ஒன்றுக்கான ஒத்திகைதான் என்று தோன்றியது.