பச்சை ஊசி, நீல ஊசி

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் பச்சை நிற ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த பாட்டிக்கு நீல நிறம். பச்சைதான் உசத்தியா? பாட்டிக்கு மட்டமானதைப் போட்டுவிட்டார்களா?”

இல்லை. நிறம் சொல்வது தடிமனை மட்டும்தான். எந்த நிறுவனம் தயாரித்தாலும் உலகம் முழுக்க ஒரே நிற வரிசை: ஆரஞ்சு என்றால் 14, சாம்பல் 16, பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24, ஊதா 26. எண் ஏற ஏறக் குழாய் மெலிகிறது. கம்பி இழுக்கும் பட்டறைகளிலிருந்து வந்த கணக்கு இது. எத்தனை துளைகள் வழியாக இழுத்தார்களோ, கம்பி அந்த அளவுக்கு மெலியும். எண்ணும் அந்த அளவுக்குக் கூடும். பச்சைக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 1.3 மி.மீ., நீலத்துக்கு 0.9 மி.மீ.

மேலே போவதற்கு முன் ஒரு பயத்தைப் போக்கிவிட வேண்டும். “கையை ஆட்டாதே, உள்ளே ஊசி குத்திவிடும்” என்று வார்டில் சொல்லாதவர் கிடையாது. உள்ளே ஊசியே இல்லை. எஃகு ஊசி வழி திறப்பதற்காக மட்டும் வருகிறது. அதன்மேல் உறைபோல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். ஊசியின் முனை அந்தக் குழாயைவிட ஒரு துளி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தக்குழாய்க்குள் முனை நுழைந்ததும் பின்னாலுள்ள சிறு அறையில் ரத்தம் எட்டிப் பார்க்கும். அனுபவமில்லாதவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நொடியில் ஊசிதான் உள்ளே போயிருக்கிறது, குழாய் இன்னும் வாசலில் நிற்கிறது. தேர்ந்த நர்ஸ் ஊசியைக் கொஞ்சம் படுக்கவைத்து, இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் முன்னே செலுத்தி, பிறகு குழாயை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு ஊசியை உருவிவிடுவார். உருவிய ஊசியைத் திரும்ப அதே குழாய்க்குள் நுழைக்கவே கூடாது. அது குழாயை உள்ளேயே அறுத்துவிடக்கூடும். கடைசியில் கையில் தங்குவது டெஃப்லானிலோ பாலியூரித்தேனிலோ செய்த குழாய் மட்டும். பாலியூரித்தேன் உடம்புச் சூட்டில் இன்னும் இளகிக்கொடுக்கும். ஆனாலும் மணிக்கட்டு, முழங்கை மடிப்புகளில் அது மடங்கி உராயும் என்பதால் முன்கையே நல்ல இடம்.

சரி, பச்சைக்கும் நீலத்துக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதற்கு ஏன் இத்தனை நிறம், இத்தனை எண்? என்னை மயக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் வழியே பாயும் திரவம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, பதினாறு மடங்காகிறது. விட்டம் இரட்டித்தால் வாயின் பரப்பு நான்கு மடங்கு, அது பள்ளிக்கூடக் கணக்கு. மிச்ச நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது?

தேரோட்டத்தன்று ரத வீதிக்குப் போகும் சந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நிற்பவர் வளையல் கடையோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறார், நகர முடியாது. அவரை உரசிக்கொண்டு போகிறவர் மெல்ல நகர்கிறார். அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் வேகம். நடுவில் இருப்பவரைக் கூட்டமே தூக்கிக்கொண்டு போகிறது. திரவமும் இப்படித்தான் போகிறது: குழாய்ச் சுவரைத் தொடும் அடுக்கு அசையாமல் நிற்கும், ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கை இழுத்துப் பிடிக்கும், நடு அடுக்கு பாயும். இப்போது சந்தை இரட்டை அகலமாக்குங்கள். (நம் சந்து எல்லாப் பக்கமும் சுவருள்ள, வட்டமான சந்து என்பதை மறக்க வேண்டாம்.) பின்னாலிருந்து தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது, அது நான்கு மடங்காகிறது. பிடித்து நிறுத்தும் சுவரோ சுற்றளவைப் பொறுத்தது, இரண்டு மடங்குதான். ஆகவே ஒவ்வொரு ஆளும் பக்கத்து ஆளை முன்பைவிட இரு மடங்கு வேகத்தில் முந்துகிறார். சுவருக்கும் நடுவுக்கும் இடையே ஆட்களின் எண்ணிக்கையும் இரு மடங்கு. இரண்டை இரண்டால் பெருக்கினால் நடு ஆளின் வேகம் நான்கு மடங்கு. பரப்பின் நான்கோடு வேகத்தின் நான்கைப் பெருக்கினால் பதினாறு!

சந்தை விட எனக்கு மனமில்லை. சந்து இரு மடங்கு நீளமானால் உரசலும் இரு மடங்கு, வெளியே வரும் கூட்டம் பாதி. மூட்டை முடிச்சோடு வரும் கூட்டம் தாமதமாகும். சிவப்பணுக்கள் நெருங்கிய ரத்தம் சலைனைவிட மெதுவாக இறங்குவது அதனால்தான். பின்னாலிருந்து தள்ளுவது டிரிப்ஸ் கம்பத்தின் உயரம். உயரத்தை இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும், அவ்வளவுதான். பதினாறைத் தருவது அகலம் ஒன்றே. கூட்டம் ஓர் அளவுக்குமேல் வேகமெடுத்தால் வரிசை கலைந்து ஒருவரை ஒருவர் இடித்துச் சுழல்வார்கள். திரவமும் அப்படிச் சுழலும்.

அந்தச் சுழற்சி முக்கியம். “விட்டம் இரட்டித்தால் பதினாறு மடங்கு” என்பதை மந்திரம்போல ஒப்பிப்பவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்ப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், நிமிடத்துக்கு மஞ்சளில் 20 மி.லி., நீலத்தில் 36, பிங்கில் 60, பச்சையில் 90, ஆரஞ்சில் 270 என்ற அளவில் இருக்கும். விதிப்படி பார்த்தால் பிங்கைப்போல் ஆரஞ்சு ஏறத்தாழ இருபது மடங்கு கொடுக்க வேண்டும். கொடுப்பது நாலரை மடங்கு. ஏன்? 14-ஆம் எண் குழாய் நீளம் கூடியது. அதன் உள்விட்டத்தை 1.7 மி.மீ. என்று கொண்டால் தண்ணீர் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் பாய்கிறது, அடுக்குகள் குலைகின்றன. பாட்டிலிலிருந்து வரும் நீண்ட டியூபும் தன் பங்குக்குத் தடுக்கிறது. போதாக்குறைக்கு, அந்த எண்கள் தண்ணீரை வைத்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அளந்தவை. நோயாளியின் கையில் அவ்வளவு இறங்காது. எது வேகம், எது மெதுவு என்ற வரிசையைத் தெரிந்துகொள்ள மட்டும் அவற்றை நம்பலாம்.

கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன்தான் எல்லாவற்றிலும் வேகமானது என்ற நம்பிக்கையும் இதே கணக்கில் அடிபடும். அது பதினைந்து, இருபது சென்டிமீட்டர் நீளம். உள்ளே இரண்டு மூன்று மெல்லிய பாதைகள். அவசரமாக ரத்தம் ஏற்ற, முன்கையில் போட்ட தடித்த குட்டைக் குழாய் அதை எளிதில் முந்தும். சென்ட்ரல் லைனின் வேலை வேறு: சின்ன ரத்தக்குழாய் தாங்காத காரமான மருந்துகளைப் பெரிய ரத்தக்குழாயில் கொண்டு சேர்ப்பது.

இந்தக் கணக்கு உயிரோடு விளையாடும் இடம் பிரசவ அறை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்கி இறுகாவிட்டால் அந்த வேகத்தில் ரத்தம் வெளியேற வழி திறந்துவிடுகிறது. பிங்க் குழாய் ஒன்று எவ்வளவு திருப்பித் தரும் என்று மேலே பாருங்கள். அதனால்தான் இரண்டு கையிலும் பச்சையோ சாம்பலோ போடச் சொல்கிறார்கள். ரத்தம் போகத் தொடங்கியபின் தேடினால் ரத்தக்குழாய்கள் சுருங்கி “நரம்பே கிடைக்கல” என்ற நிலை வந்துவிடும். முன்கூட்டியே போடுவதில்தான் புத்திசாலித்தனம். கேள்வி கேட்ட வாசகியின் அம்மாவுக்குப் பச்சை போட்டதும் இதனால்தான். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கை தயாராக இருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாருக்கும் பச்சையே போடலாமே? கூடாது. பாட்டியின் மெல்லிய ரத்தக்குழாயில் தடித்த குழாய் அடைத்துக்கொண்டால் சுற்றிலும் ரத்தம் ஓட இடமில்லை. மருந்து நீர்க்காமல் சுவரிலேயே பட்டு எரிச்சலூட்டும். அந்த இடம் சிவந்து, வீங்கி, கயிறுபோல இறுகும். பாட்டிக்குத் தேவை அரை மணி நேரத்தில் 100 மி.லி. ஆன்டிபயாட்டிக் என்றால், நிமிடத்துக்கு மூன்றரை மி.லி.கூட இல்லை. நீலம் அதைப்போல் பத்து மடங்கு தாங்கும். அவருக்கு நீலம் போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். கைக்குழந்தைக்கு மஞ்சள், பிறந்த சிசுவுக்கு ஊதா. சி.டி. ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும்போது மட்டும் நிலைமை வேறு: இயந்திரம் நொடிக்கு நான்கைந்து மி.லி. மருந்தைச் செலுத்தும் என்பதால் முழங்கைப் பக்கம் பச்சையோ பிங்கோ கேட்பார்கள்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா நோயாளிகளின் ரத்தக்குழாயில் உப்புநீரை முதலில் ஏற்றியவர் தாமஸ் லாட்டா. விட்டம் இரட்டித்தால் பதினாறு மடங்கு என்ற விதியைச் சோதித்துக் கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஊசிமேல் பிளாஸ்டிக் உறை மாட்டும் யோசனை 1950-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாஸாவுடையது. இது போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பு வந்துடும்” என்று கிளினிக்கில் கேட்டு வாங்கும் 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது. வாயால் சாப்பிட முடிந்தவருக்கு அதற்காகக் கையில் குழாய் தேவையில்லை. நிறம் வெளுக்க குளூட்டாதையோன் டிரிப்ஸ் என்று விளம்பரம் செய்வது இன்னும் மோசம். பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் அதற்கு எதிராக வெளிப்படையாகவே எச்சரித்தது. ரத்தத்துக்குள் நேராகத் திறக்கும் கதவு கிருமிக்கும் கதவுதான்.

குழாயை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதே நெடுநாள் வழக்கம். 2012-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு 3,283 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. நாள் கணக்குப்படி மாற்றியவர்கள், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்கள் என இரு சாராரிலும் ரத்தக்குழாய் அழற்சி 7 சதவீதம்தான். அப்படியானால் காலண்டரைவிடக் கையைப் பார்ப்பதே முக்கியம். வலி, சிவப்பு, வீக்கம், கசிவு எது தெரிந்தாலும் நடுராத்திரியானாலும் டியூட்டி நர்ஸைக் கூப்பிடுங்கள். சொட்டு விழுந்துகொண்டுதானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். குழாய் ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து, திரவம் சுற்றியுள்ள சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாலும் பாட்டிலில் சொட்டு விழும்.